நங்கநல்லூர் தனி வீடுகள்: அப்பா டைரியில் 43 வருட விலை இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்

கிணற்றடி | 9 பிப்ரவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1981ல் சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) வாங்கி, இரண்டு வருடம் கழித்து வீடு கட்டினார். போன ஐப்பசியில் காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா, நான், இரண்டு தங்கைகள். காரியம் முடிந்த கையோடு வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. பெரியவள் மூன்று கோடிக்குக் குறையாது என்கிறாள். தரகர் இரண்டே கால் என்கிறார். ஒரு பில்டர் ஆளனுப்பி, விற்கவே வேண்டாம், ஜேவி போடலாம் (மனை நம்முடையது, கட்டுவது அவர், கட்டியதைப் பங்கு பிரிப்பது) என்கிறார். அம்மா, நான் இருக்கிறவரை இந்தப் பேச்சே எடுக்காதே என்கிறார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவில் எந்த மனை, எந்த வீடு கைமாறினாலும் வாங்கியவரிடமோ தரகரிடமோ விசாரித்து, வருடத்தையும் விலையையும் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். பச்சை மையில், பொடி எழுத்தில். 43 வருடத்துக்குப் பதினேழு வரிகள். நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கிரவுண்டுக் கணக்குக்கு மாற்றினேன்.

1981ல் எங்கள் கிரயம் 24,000 ரூபாய். சதுர அடி பத்து ரூபாய். 1995ல் எதிர்வரிசைக் காலி மனை 8 லட்சம். 2003ல் அதே வரிசையில் பழைய வீட்டோடு 14 லட்சம். 2012ல் எங்களுக்கு மூன்றாவது வீடு 1 கோடியே 60 லட்சம். 2024 சித்திரையில் அப்பா கடைசியாக எழுதிய வரி, இரண்டரைக் கோடி.

முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால் வருடத்துக்குப் பதினேழரை சதவீதம் கூட்டுவட்டி. துண்டு துண்டாகப் போட்டால் கதை வேறு. 1981 முதல் 1995 வரை சுமார் 28%. அடுத்த எட்டு வருடம் 7%. 2003 முதல் 2012 வரை 31%. அதன் பிறகு இன்றுவரை 3.8%. இரண்டு தாவல், இரண்டு தூக்கம்.

நாங்கள் குடிவந்தபோது தெருவில் 19 வீடு, எல்லாமே தனி வீடு. இன்றைக்குத் தனி வீடு ஆறு. அதில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. இந்த ஆறு வீடுகளுக்கு அடுத்த பத்து வருடம் எப்படிப் போகும்? விற்பதா, வைத்திருப்பதா, ஜேவியா? விலை விவரம் தெரிந்தவர்கள் மட்டுமில்லை, இதே நிலையைத் தாண்டி வந்தவர்களும் எழுதுங்கள்.

மடிப்பாக்கம் மணி | 9 பிப்ரவரி 2025

ஆழ்ந்த அனுதாபங்கள் சார். ஒரு சந்தேகம். டைரியில் இருப்பது பத்திர விலையா, பேசிய விலையா? பேசிய விலை என்றால் அந்த டைரிக்கு ஈடே கிடையாது. பத்திர விலை என்றால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

கிணற்றடி | 9 பிப்ரவரி 2025

பேசிய விலைதான். 2012 வரியை இன்று இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். பத்திரத்தில் 84 லட்சம்தான் காட்டியிருக்கிறார்கள். டைரியில் 1.60.

ஆவண எழுத்தர் | 10 பிப்ரவரி 2025

22 வருடமாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறேன். விலையைப் பொறுத்தவரை மட்டும் டைரியை நம்புங்கள், இ.சி.யை (வில்லங்கச் சான்றை) நம்பாதீர்கள். இ.சி.யில் வரும் தொகை பெரும்பாலும் அந்தந்தக் காலத்து வழிகாட்டி மதிப்பின், அதாவது பதிவுக்காக அரசு வைக்கிற மதிப்பின் நிழல். வழிகாட்டி மதிப்போ சந்தையைப் பார்த்து நடப்பதில்லை, அரசாணையைப் பார்த்து நடக்கிறது.

2012 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க மதிப்பை நன்றாக உயர்த்தினார்கள். 2017 ஜூனில் ஒரே நாளில் 33% குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1%லிருந்து 4% ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பு மறுபடி பழைய உயரத்துக்கே போனது, பதிவுக் கட்டணம் 2% ஆனது. இதை வைத்து யாராவது வரைபடம் போட்டால், 2017ல் சென்னை மனை விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, 2023ல் பாதிக்குப் பாதி ஏறியது என்று வரும். அந்த 2017ல் நங்கநல்லூரில் ஒருத்தர்கூட ஒரு ரூபாய் குறைத்து விற்கவில்லை. நான் எழுதிய பத்திரங்கள் சாட்சி.

வாங்குகிறவர் கையிலிருந்து போகிற பணமும் பெரிதாக மாறவில்லை. ஒரு கோடி மதிப்புள்ள மனைக்கு 2017க்கு முன் முத்திரைத் தீர்வையும் பதிவும் சேர்த்து 8% என்றால் 8 லட்சம். பிறகு அதே மனைக்கு மதிப்பு 67 லட்சம், 11% போட்டால் 7 லட்சத்து 37 ஆயிரம். 2023ல் மறுபடி ஒரு கோடி, 9%, ஆக 9 லட்சம்.

இன்னொன்று. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்த பிறகு ரொக்கமாகக் கொடுக்கிற பங்கு எங்கள் பகுதியில் குறைந்தது. வங்கிக் கடன் வாங்குகிறவர் கூடியதும் ஒரு காரணம். முன்பு மறைந்திருந்த தொகை பத்திரத்துக்குள் வந்ததை விலையேற்றம் என்று பலர் தப்பாகப் படிக்கிறார்கள்.

பழவந்தாங்கல் டீச்சர் | 10 பிப்ரவரி 2025

தம்பி, உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. நாங்கள் 1974ல் வந்தோம். அப்போது ஸ்டேஷனில் இறங்கினால் வயல் வரப்பு மாதிரி ஒற்றையடிப் பாதை. மழை வந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இங்கே மனை வாங்கியவர்களெல்லாம் தபால் ஆபீஸ், ரயில்வே, ஏஜி ஆபீஸ், பள்ளிக்கூட வாத்தியார். பி.எஃப். கடன், கூட்டுறவு வீட்டுக் கடன், மனைவி வளையல். மாம்பலத்திலும் அடையாறிலும் வாங்க முடியாதவர்கள்தான் இந்தப் பக்கம் வந்தார்கள்.

விலை தூங்கியது, தாவியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த காரணம் சாக்கடை. சிரிக்க வேண்டாம். 90களில் இங்கே எல்லோர் வீட்டிலும் செப்டிக் டேங்க். ஒரு கிரவுண்டில் ஒரு குடும்பம் என்றால் பத்து வருடத்துக்கு ஒரு தடவை லாரி கூப்பிட்டால் போதும். எட்டு குடும்பம் என்றால் மாதா மாதம் லாரி. அதனால் ஃபிளாட் கட்ட வந்தவர்களே யோசித்தார்கள். பிறகு எங்கள் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். எங்கள் தெருவில் நானும் இன்னொரு அம்மாவும் வீடு வீடாகப் போய்ப் பேசினோம். முதலில் முணுமுணுத்தவர்கள்கூடக் கட்டினார்கள். மக்கள் முன்பணம் போட்டு நடந்த சாக்கடைத் திட்டம் என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போனார்கள்.

2000க்குப் பிறகு தெருவெல்லாம் தோண்டி, குழாய் போட்டு, இணைப்பு கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஐந்து வருடத்தில் என் தெருவில் நாலு வீடு இடிந்து ஃபிளாட் ஆனது. நாங்கள் கட்டிய ஐயாயிரம்தான் எங்கள் தெருவை மாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். வருத்தமில்லை. டேங்க் நிரம்பி வாசலில் வழிந்த நாட்களைப் பார்த்தவள் நான்.

மடிப்பாக்கம் மணி | 10 பிப்ரவரி 2025

டீச்சரம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கம் சாக்கடை தாமதம், வெள்ளமும் உண்டு. 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலில் மறுபடி. முன்பெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தைக் கேட்பார்கள். இப்போது சுவரைப் பார்க்கிறார்கள், தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று. ஒரே தெருவில் மேட்டுப் பக்க மனைக்கும் பள்ளத்து மனைக்கும் விலை வேறாகிவிட்டது. கீழே கார் நிறுத்தி மேலே குடியிருக்கிற ஃபிளாட்டுக்கு ஜனங்கள் சாய்ந்ததற்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம். மாடி கட்டாத தனி வீடுதான் ரொம்ப அடி வாங்கியது.

கட்டுமானி | 11 பிப்ரவரி 2025

நான் சிவில் இன்ஜினியர். தென்சென்னையில் சின்னச் சின்ன பில்டர்களுக்கு வரைபடம், மதிப்பீடு போட்டுக் கொடுப்பது தொழில். கிணற்றடி சார் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கசக்கும்.

உங்கள் வீட்டுக்கு விலை இல்லை. 42 வருட வீடு. ஒன்பது அங்குலச் சுவர், மொசைக் தரை, சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும்) போட்ட மொட்டை மாடி, தேக்கு ஜன்னல். வாங்குகிறவர் கணக்கில் அது பூஜ்யம். சொல்லப்போனால் இடிப்பு கான்ட்ராக்டர்தான் அதற்கு விலை வைக்கிற ஒரே ஆள். வந்து கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பார், தேக்கா, வேங்கையா என்று. கம்பி, செங்கல், மரம் எல்லாம் கணக்குப் போட்டு, இடித்துக்கொண்டு போவதற்கு உங்களுக்கே ஒரு தொகை தருவார். சுவர் கட்ட உங்கள் அப்பா பட்ட பாட்டுக்கு அந்தத் தொகை ஈடாகாது. மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

விலை முழுக்க மனைக்கு. மனைக்கு விலை எங்கிருந்து வருகிறது? அதன்மேல் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதிலிருந்து. 2019 வரை சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5. அந்த வருடம் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆக்கினார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 3,600 கட்டிய இடத்தில் 4,800 கட்டலாம்.

ஒரு கைக்கணக்கு போடுகிறேன், இலக்கங்களை உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிளாட் சதுர அடி 10,000க்கு விற்கும், கட்டுமானச் செலவு 2,800 என்று வைப்போம். 4,800 அடிக்கு வரவு 4 கோடி 80 லட்சம், கட்டச் செலவு 1 கோடி 34 லட்சம். உங்கள் மனையை இரண்டரைக் கோடிக்கு வாங்கினால் பில்டருக்கு மிஞ்சுவது 96 லட்சம். அதில்தான் பத்திரச் செலவு, அனுமதிக் கட்டணம், வட்டி, அவர் லாபம் எல்லாம். அதே 96 லட்சம் மிஞ்ச வேண்டும் என்று பழைய 1.5ஐப் போட்டுப் பாருங்கள். 3,600 அடிக்கு வரவு 3 கோடி 60, செலவு 1 கோடி 1 லட்சம். மனைக்கு அவரால் தர முடிவது 1 கோடி 63 லட்சம்தான்.

வித்தியாசம் 87 லட்சம். அது உங்கள் ஊரின் பெருமையாலோ ஆஞ்சநேயர் கோயிலாலோ மெட்ரோவாலோ வந்ததில்லை. ஒரு விதியின் ஒரு வரியால் வந்தது. உங்கள் அப்பா டைரியில் 2012லிருந்து 2024 வரை ஏறிய 90 லட்சத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கணிப்பில், விதி மாறாமல் இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு வருடமும் விலை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

அதனால் அடுத்த பத்து வருடத்தைப் பற்றி யோசிக்கும்போது வீட்டைப் பார்க்காதீர்கள். முதலில் டேப் எடுத்துத் தெருவை அளங்கள். 9 மீட்டருக்குக் குறைந்த தெருவில் பிரீமியம் எஃப்எஸ்ஐ (கட்டணம் கட்டிப் பெறுகிற கூடுதல் அளவு) வாங்க முடியாது. அதற்கு மேல் அகலம் கூடக் கூடச் சதவீதம் கூடும், 18 மீட்டருக்கு மேல் 50% வரை. உங்கள் பக்கம் விமான நிலையம் வேறு, உயரத்துக்கு அவர்கள் தடையின்மைச் சான்று கேட்கும் இடங்கள் உண்டு. இரண்டு தெரு தள்ளிப் போனால் ஒரே அளவு மனைக்கு வேறு விலை சொல்வதற்குக் காரணம் இவைதான்.

தேவி_வாடகைக்கு | 11 பிப்ரவரி 2025

நாங்கள் ஒன்பது வருடமாக நங்கநல்லூரில் ஒரு தனி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். தரைத்தளம் மூன்று அறை, பின்னால் துவைகல், ஒரு மாமரம். வாடகை 35,000. கட்டுமானி சார் கணக்கைப் பார்த்ததும் நானும் ஒன்று போட்டேன். வருடத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். மனை விலை இரண்டரைக் கோடி. ஒன்றே முக்கால் சதவீதம்கூட இல்லை. வீட்டுக்காரர் எங்களிடம் வாங்குவது வாடகையே இல்லை, மனையைக் காவல் காப்பதற்குக் கூலி நாங்கள் கொடுக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது.

வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் ஒவ்வொரு தையிலும், பில்டர் வந்திருந்தார் என்று சொல்வார். எங்களுக்குப் பதினொரு மாத அக்ரிமென்ட். பிள்ளை பத்தாம் வகுப்பு. தனி வீட்டுச் சந்தை என்று பேசும்போது, அங்கே குடியிருக்கிறவர்களில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள், அவர்களுக்கு அந்த வீடு எந்த நாளும் கைவிட்டுப் போகலாம் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என் தெருவில் மூன்று வருடத்தில் ஐந்து குடும்பம் இப்படிக் கிளம்பிப் போனது. யாரும் அதே தெருவில் வேறு தனி வீடு கிடைத்துப் போகவில்லை.

ரவி_பிரிஸ்பேன் | 12 பிப்ரவரி 2025

2003 முதல் 2012 வரை வந்த தாவலில் என்னைப் போல வெளிநாட்டில் இருந்தவர்கள் பங்கு பெரிது. 90களின் நடுவில் வீட்டுக் கடன் வட்டி 15%ஐத் தொட்டது, 2004ல் எட்டுக்கும் கீழே வந்தது. டைடல் பார்க் ஐடி வளாகம் 2000ல் திறந்தது, ஓஎம்ஆர் சாலை முழுக்க ஐடி வேலை. நான் அப்போது வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒரு கிரவுண்டை நேரில் பார்க்காமலே பேசி முடித்தேன். மாமா போய்ப் பார்த்து, போனில் வாசலிலிருந்து விவரித்தார். அப்படி வாங்கியவர்கள் ஏராளம். எல்லோரும் ஒரே பத்து வருடத்தில் வாங்கினோம். அந்தக் கூட்டம் மறுபடி வராது. இப்போது என் வயது நண்பர்கள் விற்கிற பக்கம் நிற்கிறார்கள்.

நிலம்தான் நிஜம் | 12 பிப்ரவரி 2025

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நிலம் என்றைக்கும் இறங்கியதில்லை. பூமி விளைவதில்லை, ஜனம் பெருகுகிறது. சென்னைக்குள் ஒரு கிரவுண்டு என்பது இனி கிடைக்காத சொத்து. கிணற்றடி சார், விற்காதீர்கள். உங்கள் பேரன் வாழ்த்துவான்.

கிணற்றடி | 12 பிப்ரவரி 2025

அன்புக்கு நன்றி. நானும் அப்படித்தான் நம்பி வந்தேன். ஆனால் டைரியின் 2012 வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 1.60 கோடியை ஒருவர் அன்றைக்கு வங்கியில் 8%க்குப் போட்டு, வட்டியில் முப்பது சதவீதம் வரி கட்டியிருந்தாலும் பன்னிரண்டு வருடத்தில் 3 கோடியைத் தாண்டியிருக்கும். மனை இரண்டரை. வாடகையைச் சேர்த்தால் ஏறக்குறைய சமம். கடன் வாங்கி வாங்கியவர் என்றால் நஷ்டம். விலை இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நின்ற இடத்திலேயே பன்னிரண்டு வருடம் நின்றால் அதுவும் இறக்கம்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஊரப்பாக்கம் வாசகர் | 13 பிப்ரவரி 2025

நீங்கள் எல்லோரும் இடிகிற தனி வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எழும்புகிற தனி வீடு எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில். அந்தப் பக்கம் திருநின்றவூர், ஆவடி. உங்கள் பெற்றோர் 1981ல் நங்கநல்லூர் போன அதே காரணத்துக்காக நாங்கள் இங்கே வந்தோம். அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டில் மேலும் கீழுமாக வீடு. துளசி மாடம் வைக்க இடம், பைக் நிறுத்த இடம், மாடியில் வடாம் காயப்போட இடம்.

ஆனால் எங்கள் கதையில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. நான் மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். எட்டு மாதம் எதுவும் நகரவில்லை. 2017 மேயில் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டி, அதன் பிறகுதான் பத்திரம் முடிந்தது. அந்த எட்டு மாதத்தில் எங்கள் லேஅவுட்டில் முன்பணத்தை விட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது யார் மனை பார்த்தாலும் முதலில் அனுமதி சிஎம்டிஏவா டிடிசிபியா (மனைக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகள்) என்று கேட்பது அந்த அடியால் வந்த பழக்கம்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததும் தரகர்கள் விலையைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு வந்த லாபம் அதில் இல்லை. காலை 7:10 மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது நிற்கத்தான் இடம்.

பழவந்தாங்கல் டீச்சர் | 13 பிப்ரவரி 2025

ஊரப்பாக்கம் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது 1974 ஞாபகம் வந்தது. ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கிணறு தோண்டுங்கள். எங்கள் கிணறு 22 அடி. 2003ல் மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்றபோது மொட்டை மாடிக் குழாயைத் திருப்பிக் கிணற்றில் விட்டோம். 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்கு நின்றது. பக்கத்து ஃபிளாட்டில் போர் 300 அடி போட்டும் காற்றுதான் வந்தது. எங்கள் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. ராத்திரி ஊறுவதைக் காலையில் இறைப்போம், நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். எந்த மதிப்பீட்டாளரும் கிணற்றுக்கு விலை போட்டு நான் பார்த்ததில்லை.

ஆவண எழுத்தர் | 14 பிப்ரவரி 2025

கிணற்றடி சார், விலை விவாதம் நடக்கட்டும், உங்கள் காகித வேலையை நிறுத்தாதீர்கள். நங்கநல்லூரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் பாதி விலை படியாததால் பூட்டிக் கிடக்கவில்லை. வாரிசுகள் கையெழுத்து படியாததால்தான்.

அப்பா சுயசம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கைகள் நால்வருக்கும் சம பங்கு. கல்யாணமாகிப் போனவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. முதலில் வாரிசுச் சான்று. பிறகு நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அந்தப் பட்டா வரும்வரை எந்த பில்டரிடமும் ஒரு ரூபாய் முன்பணம் வாங்காதீர்கள்.

அம்மாவுக்கோ ஒரே பிள்ளைக்கோ மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1%, உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் உச்சவரம்பு 10,000. 2023 ஜூலைக்கு முன் இது 25,000, 4,000 என்று இருந்தது. வெளியாளுக்கு விற்கும் 9%ஓடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

ஜேவி என்றால் மூன்றைக் கவனியுங்கள். பவர் பத்திரத்தில் பில்டர் பங்குக்கு மட்டும் விற்பனை அதிகாரம் கொடுங்கள், மொத்த மனைக்கும் கொடுக்காதீர்கள். காலக்கெடு தாண்டினால் மாத வாடகை இவ்வளவு என்று தொகை எழுதுங்கள். உங்கள் பங்கு எந்த மாடி, எந்த மூலை என்று வரைபடத்தில் வண்ணமடித்து இணையுங்கள். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையோ எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ என்றால் ரெரா (கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கிற ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு ஜேவி முழுக்க அந்த விலக்கில் விழுகிறது. பிரச்சினை என்றால் நீங்களே சிவில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இடித்த மனைக்கு முன்னால் ஆறு வருடம் வாடகை வீட்டில் இருந்தது. பெரியவர் அந்த வாடகை வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

வரி பற்றி ஆடிட்டரைக் கேளுங்கள், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜேவியில் மூலதன ஆதாய வரி, நிறைவுச் சான்று வருகிற வருடத்தில்தான் வரும். நேரடி விற்பனை என்றால், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் 12.5%ஆ, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20%ஆ, எது குறைவோ அது.

கட்டுமானி | 14 பிப்ரவரி 2025

ஆவண எழுத்தர் ஐயா சொன்ன ஆறு வருடக் கதை மாதிரி எனக்கும் இரண்டு தெரியும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரையும் முதல் மாடியும் என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி. உங்கள் ஒரு கிரவுண்டு அதற்குள் அடங்கும். பில்டரே இல்லாமல் பழைய வீட்டை இடித்து, கீழே அம்மாவுக்கு, மேலே வாடகைக்கோ தங்கைக்கோ என்று கட்டலாம். எஃப்எஸ்ஐயை முழுக்கப் பயன்படுத்தவில்லையே என்று பில்டர் சொல்வார். பயன்படுத்தாத அடி எங்கேயும் ஓடிப் போகாது, மனையோடு இருக்கும்.

கிணற்றடி | 4 மே 2025

நடுவில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வாரிசுச் சான்று வந்துவிட்டது. கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

போன ஞாயிறு தங்கைகள் இருவரும் வந்திருந்தார்கள். கட்டுமானி சார் சொன்னபடி தங்கை மகன் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனை. பத்திரத்தில் 30 அடிச் சாலை. எங்கள் வாசலில் 29 அடி 2 அங்குலம். 9 மீட்டர் என்றால் 29 அடி ஆறே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். நாலு அங்குலத்துக்கு மேல் குறைகிறது. எதிர் ஃபிளாட்டின் கார் ஏறும் சாய்தளம் தெருவுக்குள் வந்திருக்கிறது, எங்கள் வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படியும்தான். அந்தப் படியை அப்பா 1998ல் சிமென்ட் பூசி நீட்டினார், பாட்டி ஏற வசதியாக.

பெரிய தங்கை அதற்குப் பிறகு மூன்று கோடி என்று சொல்லவில்லை. நால்வரும் பேசி, அம்மா இருக்கும்வரை வீட்டைத் தொடுவதில்லை என்று முடிவு. கிணற்றைத் தூர் வாரி, மாடிக் குழாயைத் திருப்பி விட்டிருக்கிறோம், டீச்சரம்மாவுக்கு நன்றி. மாடியில் இரண்டு அறை சரிபார்த்து வாடகைக்கு விடப் போகிறோம், பதினொரு மாதம் என்று இல்லாமல் மூன்று வருட ஒப்பந்தமாக. தேவி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவே சொன்னது அது.

தெருமுனை வீடு நேற்று பேசி முடிந்ததாகத் தரகர் சொன்னார். கிரவுண்டு 2 கோடியே 58. டைரியில் எழுதிவிட்டேன்.

கட்டுமானி | 4 மே 2025

முனை வீட்டுக்கு முன்னால் தெரு எத்தனை அடி?

கிணற்றடி | 4 மே 2025

அதையும் அளந்தோம். சரியாக 30.